லாச்சிக்குள் இருந்த அக்காவின் வயது

போன கிழமை, நான் வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்காகக் கேக் வெட்டி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் எழுந்து, "எல்லாரும் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கேட்டபடி சரியாக இரண்டு வார்த்தைதான் என்று கைதட்டிச் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று உங்களில் ஒருவர் காகிதத் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்று கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

"அங்கிள், என்ர ஃபிரண்ட்ஸ் எல்லாரும் டவுன்ரவுனில பெரிய லோ ஃபேமுகளில ஆட்டிக்கிளிங் செய்யினம். நான் இங்க வந்தது சரியோ?"

எழுதுவது எனக்குப் பேசுவதைவிட இலகு. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகையால் இதை எழுதி, நீங்கள் தேநீர் குடிக்கும் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சட்டம் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இத்தனை ஆண்டுகளும் இங்கே கோப்புகளை எடுத்துக் கொடுத்தேன், நீதிமன்ற வரிசைகளில் நின்றேன், வருகிறவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன். ஆனால் ஒவ்வோர் ஆண்டும், சட்டம் படித்து முடித்த ஒருவர் ஆட்டிக்கிளிங் என்கிற பத்து மாதப் பயிற்சிக்கு வந்து யன்னலோர மேசையில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். சிலர் முதல் கிழமையிலேயே போய்விட்டார்கள். சிலர் போகச் சொல்லியும் போகவில்லை. அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் என் பிழையும் இருக்கிறது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வன்னியில் போர் முடிந்த கிழமை அது. அப்போது எங்கள் லோயரின் அலுவலகம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், சீலைக் கடைக்கும் இடியப்பக் கடைக்கும் நடுவில் இருந்தது. இரண்டு அறை, ஒரு முன்கூடம். அந்தக் கிழமை முன்கூடத்தில் இருக்க இடமில்லை. பாதிப் பேருக்கு எங்களிடம் ஒரு வேலையும் இருக்கவில்லை. படிவம் நிரப்பத் தெரிந்த மனிதர்கள் இருக்கிற இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும் என்று வந்தவர்கள். தொலைக்காட்சியை நிறுத்தியிருந்தோம். ஊற்றிய தேநீரெல்லாம் ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

அவர்களுக்குள் ரவியும் குகனும் இருந்தார்கள். ரவியின் மனைவி வதனி. வதனியின் தம்பி குகன். றூஜ் பக்கம் குகன் வாங்கிய வீட்டின் பேஸ்மன்டில்தான் ரவி குடியிருந்தார். அவர் முன்னமே கனடாவுக்கு வந்து வதனியை இங்கே எடுப்பிக்கும் அலுவலை எங்கள் மூலம் தொடங்கியிருந்தார். அதற்குள் வன்னியில் பாதை அடைபட்டுவிட்டது. மாதக் கணக்காக ஒரு தகவலும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவருடைய தொலைபேசியிலிருந்து வதனியே பேசினார். வவுனியா முகாமில் இருக்கிறார், உயிரோடு இருக்கிறார். ஆனால் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் வந்த வழியில் போய்விட்டன.

வதனி எப்போது பிறந்தார் என்பதற்கு எங்கள் கோப்பில் இருந்தது கலியாணப் பேச்சுக்காக எழுதிய சாதகக் குறிப்பு மட்டும்தான். அந்தத் திகதியைத்தான் ரவி தன் படிவங்களிலும் எழுதியிருந்தார். அது சரி என்று தம்பி குகன் ஒரு சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போகிற ஒருவர் கடதாசிகளைக் கொண்டுபோய் முகாமில் சேர்ப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். அவரை விட்டால் இனி யார், எப்போது என்று தெரியாது. வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கையெழுத்து என்று முடிவாகியது.

செவ்வாய்க்கிழமை குகன் தனியாக வந்தார். என் மேசைக்குப் பக்கத்தில் குனிந்து ஒரு மண்ணிற என்வலப்பைத் தந்தார்.

"அண்ணை, இது அக்கான்ர பள்ளிக்கூடச் சேட்டிபிக்கற் கொப்பி. உண்மையான திகதி இதிலதான் இருக்கு. அத்தானைவிட அக்கா ஒண்டரை வருசம் மூப்பு. கலியாணம் குழம்பிடும் எண்டு அம்மா வேற குறிப்பு எழுதுவிச்சவ. வீட்டில வைச்சா அத்தான் கண்டிடுவார். கிழிக்கவும் மனம் வரேல்லை. உங்களிட்ட இருக்கட்டும்."

நான் வாங்கி, என் மேசையில் இழுத்துத் திறக்கும் லாச்சிக்குள் வைத்தேன். வேண்டாம் என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு அன்றும் வராது, இன்றும் வராது.

புதன்கிழமை காலை ஜனனி வந்தார். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. சட்டப் படிப்பு முடிந்து, பயிற்சிக்கு எங்களிடம் வருவதாகப் பேச்சு இருந்தது. அதற்குள் டவுன்ரவுனில் ஒரு பெரிய நிறுவனத்தில் யாரோ விலகியதால் ஓர் இடம் காலியாகி, அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அதை ஒளிக்காமல் எங்கள் லோயரிடம் வந்து சொன்னார். லோயர் யாரையும் கெஞ்சுகிற மனிதர் அல்ல.

"மூண்டு நாள் வந்து இரும். பாத்துப்போட்டு, போறதெண்டாப் போம்," என்றார். வதனியின் கோப்பைக் கொடுத்து, குகனின் சத்தியக்கடதாசியை எழுதச் சொன்னார்.

கோப்பைத் திறந்ததும் ஜனனி குறிப்பைத் தூக்கிப் பிடித்தார். "அங்கிள், இதென்ன மட்ஸ் ஹோம்வேர்க்கோ? கட்டம் போட்டு எழுதியிருக்கு."

"குறிப்பு, பிள்ளை. பிறக்கேக்க கிரகங்கள் நிண்ட இடம்."

"அப்ப சனியும் செவ்வாயும்தான் எங்கட விற்னஸ்?"

முன்கூடத்தில் இருந்த ஒரு அம்மா சிரித்துவிட்டார். அந்தக் கிழமை அந்த இடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அது.

பின்னேரம் மறுபடியும் கூப்பிட்டார். "அங்கிள், வதனி குகனுக்கு அக்காவோ, தங்கச்சியோ?"

"அக்கா."

"ஷுவரா?"

"அவர் அக்கா அக்கா எண்டுதானே சொல்லுறவர்."

"அப்ப அவையின்ர அம்மா குகனைப் பெத்து அஞ்சு மாசத்தில அவற்ற அக்காவைப் பெத்திருக்கிறா."

குகனின் பிறந்த திகதி அவருடைய கனடாக் கடவுச்சீட்டில் இருந்தது. வதனியின் திகதி குறிப்பில் இருந்தது. இரண்டையும் ஒரே கடதாசியில் எழுதியபோதுதான் அது வெளியே வந்தது. மகளுடைய வயதைக் குறைத்த தாய், இடையில் ஒரு மகன் பிறந்திருப்பதை மறந்துவிட்டார். ரவி, குகன், நான், எங்கள் லோயர், நான்கு பேரும் அந்தக் கோப்பைப் பலமுறை பார்த்திருந்தோம். ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

நான் அந்த இடத்தில் லாச்சியைத் திறந்திருக்க வேண்டும். "எங்கயோ பிழை வந்திட்டுது போல, கேட்டுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் ஊற்றப் போனேன்.

வியாழக்கிழமை காலை லோயர் ஒரு வழக்குக்காக டவுன்ரவுன் போய்விட்டார். நான் குகனுக்கு போன் எடுத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப நான் கையெழுத்து வைக்கேல்லை, அண்ணை. பிறம்ரனில எங்கட சித்தி இருக்கிறா. அவ வைக்கட்டும். அவவுக்கு ஒண்டும் தெரியாது, பாவம்."

எனக்கு அது நல்ல வழியாகவே பட்டது. ஒரு வீட்டின் மானம் தப்பும், கடதாசியும் நாளைக்குப் போய்விடும். ஜனனியிடம் போய் அப்படியே சொன்னேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஏன் அங்கிள், ஆளை மாத்துவான்?"

நான் பேசவில்லை.

"அந்தத் திகதி பொய் எண்டு உங்களுக்குத் தெரியும். என்ன?"

நான் லாச்சிப் பக்கம் பார்த்தேன்.

"அங்கிள், நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நான் அங்க பதில் சொல்லவேணும். அங்க போனா இப்பிடி ஒரு ஃபைல் என்ர மேசைக்கு வராது. வந்தாலும் எனக்கு மேல பத்துப் பேர் செக் பண்ணுவினம். இங்க ஆர் இருக்கினம்? நீங்களும் நானும். நீங்கள் எனக்குச் சொல்லாட்டி எனக்கு ஆர் சொல்லுவினம்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது. அவர் பயந்து போய்ச் சொன்னார். சொல்லும்போது கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. சட்டம் படித்த பிள்ளை, தன்னைத் தாங்குவதற்கு என்னைப் பார்த்தது. நான் போய் லாச்சியைத் திறந்து என்வலப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். குகன் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

லோயர் வந்து சேர இரண்டரை ஆகிவிட்டது. நின்றபடியே கொப்பியைப் பார்த்தார். என்னையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஜனனியிடம் கேட்டார்.

"நீர் என்ன செய்வீர்?"

"எங்கட கிளையன்ற் ரவி அண்ணாதான். அவருக்குத் தெரியாமல் அவற்ற ஃபைலில நாங்கள் ஒண்டும் வைச்சிருக்கேலாது. அவரைத் தனியக் கூப்பிட்டுக் கேப்பன்."

"அவர் மனிசியைக் கூப்பிடாமல் விட்டிட்டா?"

ஜனனியின் முகம் மாறியது. முகாமில் ஒரு பெண் இந்தக் கடதாசிக்காக இருக்கிறாள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நாங்கள் வாயைத் திறந்தால் அவளுக்கு வரவேண்டிய கணவன் இல்லாமல் போகலாம். திறக்காவிட்டால், அந்தப் பொய் தூதரகத்தில் ஒருநாள் பிடிபட்டு அவள் வரவே முடியாமல் போகலாம். இரண்டில் எது நடக்கும் என்று படித்துப் பார்க்க ஒரு புத்தகமும் இல்லை.

"எண்டாலும் கேப்பன்," என்றார்.

"அப்ப கேளும்," என்று சொல்லிவிட்டு லோயர் தன் கதிரையை மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அவர் தானே கேட்டிருக்கலாம். அது அவருடைய வழமை இல்லை. பதில் தெரிந்தவரிடமே வேலையை விட்டுவிடுவார். அவர் மூலையில் இருக்கிறார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். குகனை முன்கூடத்தில் இருக்கச் சொல்லிவிட்டு ரவியை உள்ளே கூப்பிட்டோம். ஜனனிக்குத் தமிழ் தடக்கினால் எடுத்துக் கொடுக்க நானும் நின்றேன்.

"அண்ணா, வதனி அக்கான்ர டேற் ஒஃப் பேர்த்... ஐ மீன், பிறந்த திகதி... அது..."

ரவி அவருடைய முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "மூப்பெண்டோ? எனக்குத் தெரியும், பிள்ளை."

ஜனனி கையிலிருந்த என்வலப்பைக் கீழே வைத்தார்.

"கலியாணம் கட்டி மூண்டாம் கிழமை வவுனியாவுக்குப் போனனாங்கள். செக்பொயின்ரில ஆமிக்காரன் ரெண்டு பேற்ற அடையாள அட்டையையும் வாங்கிப் பாத்தான். பாத்துப்போட்டு அரைகுறைத் தமிழில 'அக்காவா?' எண்டு கேட்டான். நான் 'இல்லை, மனிசி' எண்டன். அவள் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாள். பிறகு பஸ்ஸில வவுனியா மட்டும் ஒரு கதையில்லை. நானும் கேக்கேல்லை. அதுக்குப் பிறகு ஒருநாளும் கேக்கேல்லை."

"அப்ப ஏன் அண்ணா, ஃபோமில மற்றத் திகதியை எழுதினீங்கள்?"

"குகன் எழுதித் தந்தவன். அதை வெட்டிப்போட்டு நான் வேற எழுதினா அவன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? அக்கான்ர மானத்தைக் காக்கிறானாம் எண்டு அவன் படுற பாடு." ரவி கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வெக்கப்படுவான்."

மூலையில் லோயர் கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார். சிரித்தாரா, வேறேதுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வீட்டில் மேலே ஒருவரும் கீழே ஒருவருமாக இருந்துகொண்டு, இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்திருக்கிறார்கள்.

ஜனனி மெதுவாக விளங்கப்படுத்தினார். உண்மையான திகதியை எழுத வேண்டும். முன்னர் எழுதியது பிழை என்றும், ஏன் அப்படி எழுதப்பட்டது என்றும் ஒரு கடிதம் வைக்க வேண்டும். அதனால் கேள்வி வரும். நாள் எடுக்கலாம். "அவங்களாக் கண்டுபிடிச்சா, கலியாணமே பொய் எண்டு சொல்லுவாங்கள் அண்ணா. இப்ப நாங்களாச் சொன்னா, இது எங்கட சனம் குறிப்புக்குச் செய்யிற வேலை எண்டு விளங்கப்படுத்தலாம்."

ரவி எழுந்துவிட்டார். "ரெண்டு வருசம் மூப்போ, இருபது வருசம் மூப்போ, அவள் உயிரோட இருக்கிறாள். உள்ளதை எழுதுங்கோ, பிள்ளை."

குகனுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் வேலை என்று நினைத்து ஜனனி வெளியே வர முன்னமே, ரவி முன்கூடத்துக்குப் போய்க் குகனின் பக்கத்தில் இருந்துவிட்டார்.

"டேய், பத்தில எட்டுப் பொருத்தம் எண்டு சாத்திரியார் சொன்னவர், ஞாபகமோ?"

"ஓம் அத்தான். ஏன்?"

"பிறக்காத ஒரு நாளுக்கு எட்டுப் பொருத்தம் கண்டுபிடிச்சிருக்கிறார் மனுசன்."

குகன் எழும்பப் பார்த்தார். ரவி தோளைப் பிடித்து இருத்தினார். "இரடா. என்ர குறிப்பு மட்டும் சுத்தமெண்டோ நினைச்சாய்? செவ்வாய்க்குப் பயந்து எங்கட அம்மா நேரத்தை அரை மணித்தியாலம் தள்ளிவிட்டவ."

அது உண்மையா, அந்த நேரத்தில் மச்சானுக்காக ரவி சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குகன் கையிலிருந்த கடதாசிகளால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஒருவர் எழுந்து அவர்களுக்கு இடம் விட்டார்.

நாலரைக்குக் குகன் உண்மையான திகதிக்குச் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தார். ஜனனி எழுதிய கடிதத்தில் லோயர் இரண்டு இடம் மட்டும் திருத்தினார். வெள்ளிக்கிழமை காலை அந்தக் கடதாசிகளை நானே கொண்டுபோய்ப் பயணம் போகிறவரிடம் கொடுத்தேன். வதனி வந்து சேர இரண்டு வருடத்துக்கு மேலானது. நேர்முகத்தில் அந்தத் திகதியைப் பற்றித்தான் முதலில் கேட்டார்களாம். கேட்டவருக்கு முன்னாலேயே எங்கள் கடிதம் இருந்ததாம்.

சின்ன அலுவலகம் நல்லதா, பெரியது நல்லதா என்று என்னால் சொல்ல முடியாது. பெரியதில் நான் வேலை செய்ததில்லை. இங்கே வருகிறவர்கள் எங்களைத் தங்கள் ஆட்கள் என்று நினைக்கிறார்கள். அதனால்தான் வேறெங்கும் சொல்லாததை இங்கே சொல்கிறார்கள். அதே காரணத்தால்தான் சொல்லக் கூடாத இடத்தில், என்னைப் போன்ற ஒருவனின் காதில், மெதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வேலை தேடப் போகும்போது சம்பளத்தையும் மேசையையும் மட்டும் பார்க்காதீர்கள். பிழை விட்ட மனிதரை அந்த இடத்தில் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். அதைப் பார்க்க இரண்டு மூன்று நாள் போய் இருக்க வேண்டும். எங்கள் லோயர் ஜனனியைக் கூப்பிட்டு இருத்தியது அதற்காகத்தான் இருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

என்னை அவர் ஏசவில்லை. வியாழக்கிழமை வீட்டுக்கு வெளிக்கிடும்போது என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார்.

"இனி உம்மட லாச்சியில தேயிலை மட்டும் இருக்கட்டும், என்ன?"

"ஓம் ஐயா," என்றேன். சொல்லிவிட்டு எனக்கு வியர்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முழுவதும் ஜனனி தன் முடிவு பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லோயரும் கேட்கவில்லை. தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே கோப்பைக் காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். முன்கூடம் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெறிச்சிருந்தது. நாலு நாற்பதுக்கு ஜனனி யன்னலோர மேசைத் தொலைபேசியை எடுத்தார். டவுன்ரவுனுக்குத்தான் என்று தெரிந்தது.

அவர் எங்களோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இருந்துவிடுவார் என்றும் தோன்றியது. ஆனால் இருக்கிறதென்றால் எல்லாம் தெரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும். எழுந்து அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"பிள்ளை, போன் எடுக்க முதல் ஒண்டு சொல்லவேணும்."

"சொல்லுங்கோ அங்கிள்."

"லாச்சியில இன்னும் ரெண்டு என்வலப் இருக்கு."

றிசீவரைக் கையில் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். வேறு இரண்டு வீடுகளின் இரகசியம். ஒன்று வந்து மூன்று வருடம் இருக்கும். லோயரின் அறைக்குள் கோப்பின் பக்கம் புரளும் சத்தம் நின்றுவிட்டது.

ஜனனி எண்களை அழுத்தினார். மறுபக்கம் எடுத்தவரோடு இங்கிலீஷில் பேசினார். ஒரு நிமிடம்கூட இல்லை. எனக்கு விளங்கியது இரண்டு சொல்தான்: தாங்க் யூ, சொறி. எதற்கு நன்றி, எதற்கு மன்னிப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை. போனை வைத்துவிட்டு எழுந்தார். தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசைக்குப் பக்கத்தில் போட்டு, அதில் இருந்துகொண்டார்.

"முதல்ல பழசை எடுங்கோ," என்றார்.